உப்பில்லாத தட்டு

ஜெபமாலை,
என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய்.
தவுங்கூ பஸ்ஸில் நாளை பார்சல் வரும்.
அதற்கு முன் சில எச்சரிக்கை.

நீல அட்டை போட்ட அந்தத் தடிப் பர்மிய நாவலைத் தொடாதே.
முந்நூறு பக்கம் மழை பெய்கிறது,
ஒருவரும் நனையவில்லை.

ஒல்லியான கவிதைப் புத்தகம் பரவாயில்லை.
மீராசா தன் மூக்குக்கண்ணாடிக் கடையில்
கண் சோதிக்க வருகிறவர்களிடம்
எழுத்துப் பலகைக்குப் பதில் அதைத்தான் நீட்டுகிறார்.
பாதிப் பேர் கண்ணாடியை மறந்து
புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போகிறார்கள்.
வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார், சிரித்துக்கொண்டே.

பன்சோடான் நடைபாதையில் சமையல் புத்தகம் ஒன்றும் வாங்கினேன்.
ஓரங்களில் யாரோ பென்சிலால் சண்டை போட்டிருக்கிறார்கள்:
பொய்.
இவ்வளவு எண்ணெயா.
அக்காவிடம் கேள்.
அச்சைவிடப் பென்சில் ருசி.

இனி அந்தத் தமிழ் நாவல்.
சென்னையிலிருந்து யாரோ பெட்டியில்
மசாலாப் பொட்டலங்களுக்கு நடுவே கொண்டுவந்தது.
பெருங்காயம் இன்னும் மணக்கிறது.
எங்களில் தடங்கலின்றித் தமிழ் படிக்கத் தெரிந்தவர்
பருப்புத் தரகர் வைரக்கண்ணு ஒருவர்தான்.
எனக்கு வாயில் தமிழ், கண்ணில் பர்மியம்.
மீராசாவுக்கும் அப்படியே.
ஒன்பது ஞாயிறு, முப்பத்தேழாம் தெரு டீக்கடையில்
அவர் வாசித்தார், நாங்கள் கேட்டோம்.

ஐந்தாவது ஞாயிறு கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் தொடர்ந்தார்:
உப்பளத்துக்காரி. கணவன் போய்ப் பதினோரு நாள்.
இரண்டு தட்டு வைக்கிறாள், இரண்டிலும் சோறு.
ஒன்றில் மட்டும் உப்புப் போடுகிறாள்.
பிறகு
உப்பில்லாத தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிடுகிறாள்.
ஒரு சொல் தமிழ் தெரியாத டீக்கடைப் பையன்
எங்கள் முகங்களைப் பார்த்தான்,
கெட்டிலைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனான்.

அந்தத் தட்டுக்காகத்தான்
நான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.
உனக்குத் தெரியும்,
ஒரே க, கண்ணில் ஒன்று, தங்கத்தில் ஒன்று, அகலில் ஒன்று
என்று ஒலி மாறுவதற்கு எவ்வளவு அழுதேன்.
ல, ள, ழ ஒரே வீட்டுச் சகோதரிகள் மாதிரி,
யாரைக் கூப்பிட்டாலும் மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஏழு மாதம்.
மருந்துக் கடைக் கல்லாவில், இழுப்பறைக்குள் வைத்துப் படித்து
அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

தட்டு இல்லை, ஜெபமாலை.
கணவன் போகிறான், அவள் கதவைச் சாத்துகிறாள்,
அடுத்த வரியில் தை மாதம் வந்துவிடுகிறது.
மூன்று தடவை படித்தேன்.
பக்க எண் சரியாக இருக்கிறது. கிழிசல் இல்லை.
என் தமிழ்தான் தப்போ என்று
ஒவ்வொரு சொல்லையும் விரலால் அழுத்திப் பார்த்தேன்.
சோறு என்ற சொல்லே அங்கே கிடையாது.

போன ஞாயிறு புத்தகத்தைக் கையில் பிடித்தபடிதான் போனேன்.
கேட்டுவிடுவது என்றுதான்.
வைரக்கண்ணு அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.
மீராசா உப்பை நகர்த்தினார்.
வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார்,
எப்போதும் காட்டுகிற மாதிரி.
நான் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு
துவரை என்ன விலை என்று விசாரித்தேன்.

நாவல் சுமார்தான்.
நடை இழுக்கும், கடைசியில் தேவையில்லாமல் ஒரு கல்யாணம்.
ஆனாலும் படி.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கதவு சாத்துகிற இடத்தில் கொஞ்சம் நில்.
அங்கே ஓரம் அகலம்.
பென்சில் எடுத்தேன், வைத்துவிட்டேன்.
நீயும் எழுதாதே.

மழைக்கு முன் திருப்பி அனுப்பு.
அடுத்து மீராசாவுக்கு வேண்டுமாம், தானே படிக்கிறாராம்.
இப்போதுதான் ங எழுதிப் பழகுகிறார்.